ஆல்டோவின் பின்பக்க புஷ் மாற்றுவது: கடைசி முறுக்கு வண்டி தன் காலில் நிற்கும்போதுதான்

குளச்சல் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. என் பழைய ஆல்டோ வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ‘டக்’ என்று சத்தம் வந்தது. வளைவில் வால் பக்கம் லேசாக ஒதுங்கியது. ஷாக் அப்சார்பர்தான் என்று நினைத்து இரண்டையும் மாற்றினேன். சத்தம் போகவில்லை. அப்புறம்தான் படுத்துப் பார்த்தேன். பின் ஆக்சிலைப் பாடியோடு பிணைக்கும் டிரெய்லிங் ராடு என்ற கம்பியின் முன்முனையில் ஒரு புஷ் இருக்கிறது: ரப்பருக்கு நடுவில் இரும்புக் குழாய் வைத்தது. அதன் ரப்பர் கீறி விரிந்து, நடுவில் இருக்க வேண்டிய குழாய் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. சின்னக் கம்பி ஒன்றை இடையில் கொடுத்து நெம்பினால் அந்த ‘டக்’ கையிலேயே தெரிந்தது. நீங்களும் முதலில் இப்படி நெம்பிப் பாருங்கள்.

பழைய ஆல்டோவின் பின்பக்கம் எளிமையான அமைப்பு. ஒரே ஆக்சில்; அதை முன்பின் நகராமல் பிடிக்க இரண்டு டிரெய்லிங் ராடு, பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு லேட்டரல் ராடு. ஒவ்வொரு ராடின் இரு முனையிலும் புஷ். ஒன்று கிழிந்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஸ்விஃப்ட் போல டார்ஷன் பீம் (இந்தத் தனி ராடுகளுக்குப் பதில் முறுகிக் கொடுக்கும் ஒரே குறுக்குச் சட்டம்) உள்ள வண்டிக்கு இந்த முறை சரிவராது.

முந்தின நாள் மாலையே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். மறுநாள் வண்டி தரையில் நிற்கும்போதே போல்ட்டுகளைக் கால் சுற்று இளக்கிக்கொள்ளுங்கள். இதற்கு ஆறு முனை சாக்கெட்டும் நீளமான பவர் பாரும் வேண்டும். பன்னிரண்டு முனை ரிங் துருப்பிடித்த தலையை மழுக்கிவிடும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

கான்கிரீட் தரையில், முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, கியரில் போட்டுவிட்டுத் தூக்குங்கள். கை பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு அதை நம்ப முடியாது. பாடியை ஸ்டாண்டில் இருத்துங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை நம்பி அடியில் போகாதீர்கள். இன்னொரு ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் தொட்டபடி வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு ராடு. ஒன்றை மாற்றிப் போட்டபின் அடுத்தது. எல்லாவற்றையும் கழற்றினால் ஆக்சில் நகர்ந்து, திரும்ப ஓட்டை ஒத்துவர அரை நாள் போய்விடும். போல்ட் எந்தப் பக்கமிருந்து நுழைந்திருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய ராடை லேத் பட்டறைக்கே கொண்டு போங்கள். வீட்டில் சுத்தியலால் அடித்து இறக்கினால் புது புஷ் கோணும். பிரஸ்ஸில் வைக்கும்போது புஷ்ஷின் வெளி விளிம்பில்தான் அழுத்தம் விழ வேண்டும், நடுக்குழாயில் அல்ல. இரு பக்கமும் சம அளவு துருத்தியிருக்க வேண்டும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் கூடாது. ரப்பர் மரம் நிற்கிற மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று தோன்றுகிறது, ஆனாலும் பட்டறையில் கை தானாக கிரீஸ் டப்பாவுக்குப் போகிறது. ரப்பர் ஷீட்டின் மேல் மண்ணெண்ணெய் பட்டால் என்ன ஆகுமோ அதுதான் கிரீஸ் பட்ட ரப்பருக்கும்: ஊதி, பலம் போகும்.

இனிதான் முக்கியமான இடம். முதல் தடவை நான் ராடுகளை மாட்டி, ஆக்சில் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழு பலத்தில் முறுக்கினேன். ஐந்தே மாதத்தில் புது ரப்பர் கிழிந்தது. காரணம் இதுதான்: போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். ராடு அசையும்போது குழாய் சுற்றாது; ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். தொங்கும் நிலையில் பூட்டினால், வண்டி தரையில் நின்றாலே ரப்பர் முறுகித்தான் நிற்கும். குழியில் விழும்போது அதற்கு மேலும் முறுகும். எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே முதலில் போல்ட்டைக் கையால் மட்டும் பிடிப்பாக ஏற்றுங்கள். சக்கரங்களைக் கழற்றியிருந்தால் மாட்டி, வண்டியை இறக்குங்கள். நான் நான்கு சக்கரத்துக்கும் அடியில் தடித்த அயினிப் பலகை வைத்து இறக்கினேன். ஸ்பேனர் போக இடம் கிடைத்தது. பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, வண்டி இயல்பான உயரத்தில் நிற்கும்போது, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். லேட்டரல் ராடுக்கும் இதே முறைதான். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபாருங்கள்.

பாலியூரித்தேன் (ரப்பரை விடக் கெட்டியான செயற்கைப் பொருள்) புஷ் போடலாமா என்றால், தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம் என்பேன். அதிர்வு முழுக்க பாடிக்கு ஏறும். ஒரிஜினல் ரப்பரே போதும்.

பின்னர் சேர்த்தது: முட்டத்திலிருந்து ஒருவர், நட்டு கழன்றும் போல்ட் நடுக்குழாய்க்குள் உறைந்து வரவில்லை என்று எழுதியிருந்தார். கடலோர வண்டிகளில் இது சகஜம். கேஸ் நெருப்பு காட்டாதீர்கள். பெட்ரோல் டேங்கும் பிரேக் ஹோஸும் பக்கத்திலேயே இருக்கின்றன. பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஹேக்ஸா பிளேடு விட்டு இரு பக்கமும் போல்ட்டை அறுத்து எடுங்கள். பொறுமை வேண்டும், ஒரு பக்கத்துக்கு இரண்டு பிளேடு எனக்குத் தீர்ந்தது. புது போல்ட் தலையில் பழையதில் இருந்த அதே வலிமை எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதன் தண்டில் மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள், ரப்பரில் படாமல். அடுத்த முறை கழற்றும்போது போல்ட் கையோடு வரும்.