பழைய வீட்டின் மேற்குச் சுவருக்கு வெளியிலிருந்து வெப்பக் காப்பு: முதல்முறை செய்பவர்களுக்கு

வேலூரில் சைதாப்பேட்டை, கொசப்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், மே மாதத்தில் ராத்திரி 10 மணிக்கும் மேற்குச் சுவரில் அனல் அடிக்கும். 9 அங்குலச் செங்கல் சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கிற நேரத்தில் அதை உள்ளே விடுகிறது. வெளியிலிருந்து போர்த்திவிட்டால் சுவருக்கே சூடு ஏறாது, 50 மி.மீ. தெர்மாகோல் பலகை தடுக்கிற அளவுக்குச் செங்கல் தடுக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்றடி கனம் வேண்டும். ஆனால் மொட்டை மாடிக்கு இன்னும் வெள்ளைப் பூச்சோ கூல் டைல்ஸோ போடவில்லையென்றால் பணத்தை முதலில் அங்கே போடுங்கள். அப்புறம் மேற்குச் சுவர். வடக்குச் சுவருக்கு அவசியமே இல்லை.

பொங்கல் முடிந்து மாசிக்குள் வேலையை முடிப்பது நல்லது.

முதலில் ஓதம். அடியில் உப்பு பூத்து காரை பொரிந்திருந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மற்றதெல்லாம். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பூச்சு கழன்று வரும், சுவரும் கெடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் என்றால் தெர்மாகோலே வேண்டாம், ஈர ஆவியை வெளியே விடுகிற ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகையும் சுண்ணாம்புப் பூச்சும்தான் சரி, செலவு கூடினாலும். ராக்வுல் தீயும் பிடிக்காது. தெர்மாகோல் வாங்குகிறவர்கள் தீ பரவாத ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து தண்ணீர்க் குழாய், ஒயர் கிளிப்பு எல்லாவற்றையும் கழற்றி, கையால் தட்டிப் பார்த்து டொக் டொக்கென்று சத்தம் வரும் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு மேடுபள்ளத்தைப் பூசிச் சமன் செய்யுங்கள். தரையிலிருந்து ஓரடி விட்டு, ரசமட்டம் பார்த்து, முதல் வரிசைப் பலகை உட்கார ஒரு அலுமினியப் பட்டை அடிக்க வேண்டும். பலகை மண்ணைத் தொட்டால் ஈரமும் ஏறும், எலியும் குடையும்.

பலகையின் பின்னால் நாலு ஓரமும் விடாமல் ஒட்டுச் சாந்து (பலகை ஒட்டுவதற்கான சிமெண்ட் கலவை) வைத்து, நடுவில் மூன்று இடத்தில் உருண்டையாக வைத்து ஒட்டுங்கள். தின்னர் கலந்த பசை கூடாது, தெர்மாகோலைக் கரைத்துவிடும். செங்கல் வரிசை மாதிரி இணைப்புகள் மாறி மாறி வர வேண்டும். பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் சாந்தால் அடைக்காதீர்கள், நுரையாக உப்பி இறுகும் ஸ்ப்ரே ஃபோம் அடியுங்கள். ஒரு நாள் காய்ந்ததும் தலை அகலமான பிளாஸ்டிக் ஆணி, சதுர மீட்டருக்கு 5 அல்லது 6, செங்கல்லுக்குள் 2 அங்குலமாவது இறங்கும்படி.

அடுத்து பலகை மேல் பூச்சு, அது வெடிக்காமலிருக்க உள்ளே ஒரு வலை. பல மேஸ்திரிகள் அவசரப்படுவது இந்த வலை விஷயத்தில்தான், அங்கே பக்கத்திலேயே நில்லுங்கள். வலையைப் பலகை மேல் நேராக விரித்து மேலே பூசக் கூடாது. முதலில் சாந்து பூசி, ஈரமாக இருக்கும்போதே, சாந்தின் காரம் தாங்கும் ஃபைபர் வலையைக் கரணையால் உள்ளே அழுத்த வேண்டும். ஒரு வலை மேல் இன்னொன்று 10 செ.மீ. ஏறட்டும். ஜன்னலின் நாலு மூலையிலும் சாய்வாக ஒரு துண்டு வலை கூடுதலாக வையுங்கள், விரிசல் ஆரம்பிப்பது அங்கேதான். மேற்குச் சுவர் என்பதால் பூச்சு வேலை நிழல் இருக்கும் காலையிலேயே நடக்கட்டும், மதிய வெயில் படும் முன் மேலே ஒரு தார்ப்பாய் கட்டிவிடுங்கள்.

ஜன்னல் ஓரம், சன்ஷேடு சேரும் இடம், குழாய் துளை எல்லாவற்றையும் சீலண்ட் போட்டு அடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை அல்லது வெளிர் நிறம் அடியுங்கள். அடர்ந்த நிறம் வேண்டாம், அந்த மெல்லிய பூச்சு சூடேறி வெடிக்கும்.