பழ ஈயில் ஒரு மரபணுவின் இருப்பிடத்தைக் கண்டறிவது எப்படி?

டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்னும் பழ ஈயின் மரபணுத்தொகுதி 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிடப்பட்டது. செலெரா நிறுவனமும் பெர்க்லி டிரோசோஃபிலா மரபணுத்தொகுதித் திட்டமும் சேர்ந்து அளித்த அந்த வரிசையில் சுமார் 12 கோடி எழுத்துகளும் (ஏ, டி, ஜி, சி என்னும் டி.என்.ஏ. அலகுகள்) 13,600 மரபணுக்களும் இருந்தன. வரிசை முழுவதும் கையில் இருக்கும்போது பழைய முறையில் கலப்புச் சோதனை செய்து மரபணுவைத் தேடுவது எதற்காக என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஓர் ஆய்வக ஈ வகையின் வரிசையை வெளியிடப்பட்ட வரிசையோடு ஒப்பிட்டால் லட்சக்கணக்கான இடங்களில் வேறுபாடு தெரியும். அவற்றுள் எந்த ஒன்று நாம் காணும் குறைபாட்டிற்குக் காரணம் என்பதை வரிசை தானாகச் சொல்லாது. அது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைக் கலப்புச் சோதனைதான் சொல்லும். ஆகவே கலப்பில் தொடங்கி வரிசையில் முடிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அந்த முறையை ஒரே எடுத்துக்காட்டின் வழியாக இங்கே விளக்குகிறேன்.

மரபணுக்களில் மாற்றத்தை உண்டாக்கும் ஈ.எம்.எஸ். என்னும் வேதிப்பொருளைச் சர்க்கரைக் கரைசலில் கலந்து ஆண் ஈக்களுக்குக் கொடுத்து, அவற்றின் சந்ததியிலிருந்து, இறக்கையின் குறுக்கு நரம்பு இல்லாத ஒரு வகையைப் பிரித்தெடுத்திருக்கிறோம் என்று கொள்வோம். முதல் வேலை, மாற்றம் எந்தக் குரோமோசோமில் நேர்ந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது. பழ ஈயில் நான்கு இணைக் குரோமோசோம்களே இருப்பதால் இது எளிது. குறைபாடுள்ள தாயை இயல்பான தந்தையோடு கலந்தால் மகன்கள் அனைவருக்கும் குறைபாடு இருந்து, மகள்கள் அனைவரும் இயல்பாக இருந்தால், மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒடுங்கு பண்பு, அதாவது இயல்பான மரபணு உடனிருந்தால் வெளித்தெரியாத பண்பு, என்று கொள்ளலாம். 1910-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் வெள்ளைக்கண் ஈயைக் கொண்டு கண்ட உண்மையும் இதுவே. இரண்டாம், மூன்றாம் குரோமோசோம்களில் இருந்தால், சுருள் இறக்கையைத் தரும் சை-ஓ, குட்டை முள்மயிரைத் தரும் டி.எம்.3 ஆகிய சமநிலைக் குரோமோசோம்களை (தோற்ற அடையாளம் உடையவை, தம் இணையோடு துண்டுகளை மாற்றிக்கொள்ளாதபடி அமைந்தவை) கொண்ட வகைகளோடு கலந்து, மாற்றம் எதனோடு பிரிந்து செல்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கலப்பில் கலப்பின ஆண்களையே பயன்படுத்துவது நல்லது. மெலனோகாஸ்டர் ஆண்களில் குறுக்கேற்றம், அதாவது இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, நடைபெறுவதில்லை என்பதால், ஒரு குரோமோசோம் முழுதாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வாழைப்பழத் தோலில் மொய்க்கும் ஈக்களைப் பிடித்து வளர்த்து இந்தச் சோதனைகளைச் செய்ய விரும்புவோர், அவை மெலனோகாஸ்டர்தானா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். இந்தியாவில் பரவலாகக் காணப்படும் டிரோசோஃபிலா அனனாசே என்னும் நெருங்கிய இனத்தில் ஆண்களிலும் குறுக்கேற்றம் நிகழ்கிறது. இனத்தைத் தவறாக எடுத்துக்கொண்டால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் பிசகிவிடும்.

நம் மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்று தெரிந்தபின், அதை மூன்று புள்ளிக் கலப்பால் இடம் காண வேண்டும். ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் மாணவராக இருந்தபோது, 1911-இல், ஒரே இரவில் இந்த எண்ணத்தை வரைபடமாக்கினார். அது 1913-இல் வெளியாயிற்று. இரண்டு மரபணுக்கள் ஒரு குரோமோசோமில் எவ்வளவு தொலைவில் இருக்கின்றனவோ அவ்வளவு அடிக்கடி அவற்றிற்கிடையே குறுக்கேற்றம் நிகழும். நூறு சந்ததிகளில் ஒன்று மறுசேர்க்கையானால், அதாவது பண்புகள் குறுக்கேற்றத்தால் புதிதாகச் சேர்ந்ததாக இருந்தால், அது ஒரு வரைபட அலகு. நமக்குத் துணை அடையாளங்களாக, வரைபடத்தின் 0.0-இல் உள்ள மஞ்சள் உடலையும், 33.0-இல் உள்ள வெர்மிலியன் கண்ணையும் எடுத்துக்கொள்வோம். மஞ்சள் உடல் எளிதில் தெரியும். வெர்மிலியன் கண் பளிச்சென்ற சிவப்பாகவும் இயல்பான கண் மங்கிய செந்நிறமாகவும் இருப்பதால், நுண்ணோக்கியின் கீழ் நல்ல வெள்ளை வெளிச்சத்தில் வேறுபடுத்தலாம்.

மஞ்சள் உடலும் வெர்மிலியன் கண்ணும் உடைய கன்னிப் பெண் ஈக்களைக் குறுக்கு நரம்பற்ற ஆண்களோடு ஒரு குப்பியில் சேர்க்க வேண்டும். கன்னித்தன்மையில் சிறிதும் சமரசம் கூடாது. காலையில் குப்பியிலுள்ள எல்லா முதிர் ஈக்களையும் அகற்றிவிட்டு, 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 8 மணி நேரத்திற்குள் கூட்டுப்புழு உறையிலிருந்து புதிதாக வெளிவந்த பெண்களை எடுத்தால் அவை கலவி கொள்ளாதவை. வெளிறிய உடல், விரியாத இறக்கை, வயிற்றின் அடியில் தோலை ஊடுருவித் தெரியும் கரும்பசுமைப் புள்ளி ஆகியன அப்போதுதான் வெளிவந்த ஈயின் அடையாளங்கள். ஆண் ஈக்களுக்கு வயிற்று நுனி கருத்தும், முன்னங்காலில் சிறு சீப்பு போன்ற கருமயிர் வரிசை அமைந்தும் இருக்கும்.

அடுத்த தலைமுறையின் மகள்கள் ஒவ்வொருத்தியிடமும் ஒரு எக்ஸில் மஞ்சளும் வெர்மிலியனும், மற்றொன்றில் நம் மாற்றமும் இருக்கும். இவர்களை உடன்பிறந்த ஆண்களோடு புதிய குப்பியில் விட்டுவிடலாம். இங்கே கன்னித்தன்மை தேவையில்லை. மகன் தன் எக்ஸைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுவதால், தந்தை யாராயினும் மகனின் தோற்றமே தாயின் கருமுட்டையில் நடந்த மறுசேர்க்கையை அப்படியே காட்டிவிடும். எனவே மகன்களை மட்டும் எண்ணினால் போதும். குறுக்கேற்ற விகிதம் வெப்பநிலையாலும் தாயின் வயதாலும் மாறும். ஆகவே 25 பாகையிலேயே குப்பிகளை வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை தாய்களைப் புதுக்குப்பிக்கு மாற்றி, பிறந்த குப்பியைக் குறித்துக்கொள்ள வேண்டும். 10-ஆம் நாள் முதல் வெளிவரும் மகன்களை எண்ணத் தொடங்கி, 18-ஆம் நாளுக்குப் பின் எண்ணக்கூடாது. அதற்குப் பிறகு அவர்களின் பிள்ளைகளும் கலந்துவிடுவார்கள்.

கணக்கை விளங்கச் செய்ய ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு தருகிறேன். 1,000 மகன்களில் மஞ்சளும் வெர்மிலியனும் உடையவர்கள் 336, குறுக்கு நரம்பு மட்டும் இல்லாதவர்கள் 346. இவர்கள் பெற்றோர் வகையினர். மஞ்சளும் நரம்பின்மையும் சேர்ந்தவர்கள் 66, வெர்மிலியன் மட்டும் உடையவர்கள் 62. மஞ்சள் மட்டும் உடையவர்கள் 86, நரம்பின்மையும் வெர்மிலியனும் சேர்ந்தவர்கள் 92. மூன்றும் உடையவர்கள் 5, மூன்றும் இல்லாதவர்கள் 7. முதலில் மிகக் குறைந்த எண்ணிக்கையுள்ள இணையைப் பார்க்க வேண்டும். அந்த 12 பேரும் இரட்டைக் குறுக்கேற்றத்தால் பிறந்தவர்கள். பெற்றோர் வகையிலிருந்து அவர்களில் இடம் மாறியிருப்பது நரம்புப் பண்பே என்பதால், நம் மாற்றம் மஞ்சளுக்கும் வெர்மிலியனுக்கும் நடுவில் இருக்கிறது. மஞ்சளிலிருந்து அதன் தொலைவு, 66-உம் 62-உம் 12-உம் சேர்ந்த 140. அதாவது 14 அலகுகள். வெர்மிலியன் வரையிலான தொலைவு, 86-உம் 92-உம் 12-உம் சேர்ந்த 190. அதாவது 19 அலகுகள். இரண்டும் சேர்ந்து 33 ஆகிறது. நடுவில் மூன்றாம் அடையாளம் இல்லாமல் மஞ்சளையும் வெர்மிலியனையும் மட்டும் பார்த்திருந்தால், இரட்டைக் குறுக்கேற்றம் கண்ணுக்குத் தப்பி, 30.6 என்றே கிடைத்திருக்கும். தற்செயலாக நடந்தால் 26 அல்லது 27 இரட்டைக் குறுக்கேற்றங்கள் எதிர்பார்க்கத்தக்கவை. 12 மட்டுமே கிடைத்தது, ஒரு குறுக்கேற்றம் தன்னருகே மற்றொன்று நிகழ்வதைத் தடுப்பதைக் காட்டுகிறது. எதிரெதிரான இணை வகைகளில் ஒன்று மிகக் குறைவாக இருந்தால், அது அந்த வகை ஈக்களின் உயிர்த்திறன் குறைவைக் குறிக்கும். அப்போது கணக்கை நம்பக்கூடாது.

14 என்ற எண்ணை ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ள முடியாது. 1,000 மகன்களுக்கு அதன் பிழை எல்லை ஏறத்தாழ இரண்டு அலகு கூட்டியும் குறைத்தும் இருக்கும். எக்ஸில் சராசரியாக ஓர் அலகு சுமார் மூன்றரை லட்சம் எழுத்துகளுக்குச் சமம். எனவே நம் நான்கு அலகு இடைவெளிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கலாம். இந்தச் சராசரியும் குரோமோசோம் முழுவதும் ஒரே அளவாக இராது; மைய உறுப்பின் (சென்ட்ரோமியர்) அருகிலும் முனைகளிலும் குறுக்கேற்றம் மிகக் குறைவு. ஆனால் 13.7-இல் குறுக்கு நரம்பற்ற தன்மைக்குப் பெயர்பெற்ற ஒரு பழைய மரபணு ஏற்கெனவே இருப்பதை வரைபடம் காட்டுகிறது. எனவே அந்த வகையின் ஆண்களை நம் பெண்களோடு கலந்து பார்ப்பது உடனடி வேலை. மகள்களின் இறக்கையில் நரம்பு இல்லாவிட்டால் இரண்டும் ஒரே மரபணுவின் மாற்றங்கள். நரம்பு வந்துவிட்டால் நம்முடையது அருகிலுள்ள வேறொரு மரபணு. வாரங்களை மிச்சப்படுத்தும் இச்சோதனையைப் பலர் கடைசிக்குத் தள்ளிவைக்கிறார்கள். அதை முதலிலேயே செய்யுங்கள்.

மகள்கள் இயல்பாக இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டு மேலே செல்வோம். இப்போது உதவிக்கு வருவது குறைவுக் குரோமோசோம், அதாவது அறிந்த ஒரு துண்டு நீக்கப்பட்ட குரோமோசோம். அமெரிக்காவின் இண்டியானாவில் உள்ள புளூமிங்டன் வகைக் காப்பகம் மரபணுத்தொகுதியின் பெரும்பகுதியை மூடும் இத்தகைய வகைகளைத் தொகுத்து அனுப்பி வருகிறது. முன்பு துண்டின் எல்லைகளைக் கால்வின் பிரிட்ஜஸ் 1935-இல் உமிழ்நீர்ச் சுரப்பியின் பெருங்குரோமோசோம்களைப் பார்த்து வரைந்த 102 பிரிவுகளைக் கொண்டு குறித்தார்கள். அந்த வரைபடத்தில் எக்ஸ் 1 முதல் 20 வரை. இப்போது பல வகைகளின் எல்லைகள் ஓர் எழுத்து வரை துல்லியமாகத் தெரியும்.

எக்ஸின் பெரிய துண்டை இழந்த ஆண் பொதுவாக உயிர் வாழ முடியாது. எனவே அந்தக் குரோமோசோம், பட்டை போல் ஒடுங்கிய பார் கண்ணைத் தரும் எஃப்.எம்.7 என்னும் சமநிலைக் குரோமோசோமுடன் பெண்ணில் பேணப்படுகிறது. அத்தகைய பெண்களை நம் ஆண்களோடு கலந்தால், இயல்பான வட்டக்கண் உடைய மகள்களே குறைவுக் குரோமோசோமைப் பெற்றவர்கள். அவர்களுக்கு நரம்பு இல்லையென்றால் நம் மரபணு நீங்கிய துண்டுக்குள் இருக்கிறது. இருந்தால் வெளியே இருக்கிறது. வரைபட அலகு 12 முதல் 16 வரையிலான பகுதியை மூடும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய குறைவுகளைக் கலந்து சென்றால், சில கலப்புகளில் இடைவெளி ஒரு லட்சம் எழுத்துகள் வரை சுருங்கும். குறைவுப் பெண்களை இயல்பான ஆண்களோடு கலந்த ஒரு கட்டுப்பாட்டுக் கலப்பும் உடன் இருக்க வேண்டும். நாட்ச் போன்ற சில மரபணுக்களில் இரு நகல்களில் ஒன்று குறைந்தாலே இறக்கை விளிம்பு வெட்டுண்டது போல் ஆகும். அப்படிப்பட்ட குறைவின் விளைவை நம் மாற்றத்தின் விளைவென்று எண்ணிவிட வாய்ப்புண்டு. எக்ஸுக்கு மற்றொரு வசதியும் உண்டு. சுமார் 80,000 எழுத்து நீளமுள்ள எக்ஸின் துண்டுகள் மூன்றாம் குரோமோசோமில் செருகப்பட்ட வகைகள் இருக்கின்றன. அத்துண்டு உள்ள மாற்ற ஆண்களுக்கு நரம்பு மீண்டும் வந்தால், மரபணு அத்துண்டுக்குள் அடங்கிவிட்டது.

இந்த நிலைக்கு வந்த பிறகே வரிசை படிக்க வேண்டும். சுமார் 30 ஆண் ஈக்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்தால் போதும், ஆணுக்கு ஒரே எக்ஸ் இருப்பதால், ஒவ்வோர் இடத்திலும் ஒரே எழுத்து தெளிவாகத் தெரியும். ஈ.எம்.எஸ். கொடுப்பதற்கு முன்னிருந்த மூல வகையின் வரிசையையும் உடன் படித்தாக வேண்டும். இரண்டிலும் பொதுவாக உள்ள வேறுபாடுகளை நீக்கி, சுருக்கிய இடைவெளிக்குள் மட்டும் எஞ்சியவற்றைப் பார்த்தால், பெரும்பாலும் ஓரிரு மாற்றங்களே நிற்கும். ஈ.எம்.எஸ். பெரும்பாலும் ஜி-சி இணையை ஏ-டி இணையாக மாற்றும் என்பதால், அந்த வகை மாற்றங்களை முதலில் கவனியுங்கள். புரதத்தை இடையிலேயே முடித்துவிடும் மாற்றம் கிடைத்தால் நல்ல சான்று. ஆனால் அது மட்டும் முடிவல்ல.

பழ ஈ மரபணுக்களுக்கான ஃபிளைபேஸ் தரவுத்தளத்தில் அந்த மரபணுவைத் திறந்து, அது கூட்டுப்புழுப் பருவத்தில் இறக்கையில் வெளிப்படுகிறதா, வேறு மாற்ற வகைகள் காப்பகத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அத்தகைய ஒரு வகை நம்முடையதோடு கலந்தபோது நரம்பின்மையைத் தந்தால் பெரிய ஆதரவு. அதைவிட வலுவானது, 1993-இல் பிராண்டும் பெரிமோனும் அறிமுகப்படுத்திய கேல்4 முறையைக் கொண்டு இறக்கையில் மட்டும் இயல்பான மரபணுவை இயக்கி, நரம்பு திரும்புவதைக் காண்பது. கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையால் அதே ஓர் எழுத்தை இயல்பான வகையில் மாற்றிப் பார்ப்பதும் நேரடியான சான்று. இவற்றுள் குறைந்தது இரண்டேனும் ஒத்துப்போகாமல் முடிவை எழுதக்கூடாது என்பது என் கருத்து.

மாற்ற வகையை இழந்துவிட்டால் இவை எதையும் மீண்டும் செய்ய முடியாது. ஆகவே எஃப்.எம்.7-உடன் அமைத்த வகையை 18 பாகையில் இரண்டு தனிக் குப்பிகளில், வெவ்வேறு தட்டுகளில், வைத்திருங்கள். அந்த வெப்பத்தில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 20 நாட்கள் ஆகும் என்பதால், குப்பியை மாற்றிய நாளை மேலேயே எழுதி ஒட்டுங்கள். பூஞ்சை வராமல் தடுக்க மக்காச்சோள மாவு, ஈஸ்ட், சர்க்கரை, அகார் கலந்த உணவில் சிறிதளவு புரோபியோனிக் அமிலம் சேர்க்க மறக்க வேண்டாம்.