நனைந்த கேமராவைப் பையில் வைத்துப் பூட்டாதீர்கள்

போன ஐப்பசியில் ஒரு ஜோடிக்கு அவுட்டோர் ஷூட் எடுக்க ஏற்காடு போயிருந்தேன். பகோடா பாயிண்ட்டில் எங்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழு. கேமரா பிடித்திருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து ஐந்தே நிமிஷத்தில் எல்லாரையும் மூடிவிட்டது. அவன் கேமராவின் மேல்தட்டில் வியர்வை மாதிரிப் பொடிப்பொடியாக நீர் கோத்து நின்றது. பதறாமல் எடுக்க வேண்டியதை எடுத்து முடித்தான். அதுவரை சரி. அப்புறம் கேமராவை அப்படியே பைக்குள் வைத்தான், ஈர ரெயின்கோட்டைச் சுருட்டி அதன் மேலேயே திணித்தான், ஜிப்பை இழுத்து மூடினான்.

"தம்பி, துடைச்சிட்டு வைப்பா" என்றேன்.

"வெதர் சீல்டு பாடிங்கண்ணா, ஒண்ணும் ஆவாது."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பதில். அதற்கு நான் கொடுத்த விலை எனக்குத் தெரியும் என்பதால்தான், மழை, தூசி, வெயிலில் கேமராவுக்கு நாம் செய்யும் தவறுகளைப் பற்றி இதை எழுதுகிறேன். சார்ஜ் போட மறப்பது, கார்டை வீட்டில் விட்டுவிட்டு வருவது போன்றவை இதில் வராது. ஒருமுறை பட்டால் அவற்றை எல்லாரும் தானே திருத்திக்கொள்கிறார்கள்.

'வெதர் சீல்' என்ற சொல்லை அப்படியே நம்புவது

பட்டன், டயல், பேட்டரி மூடி, கார்டு மூடி என்று பாடியில், அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா உடலில், எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் மெல்லிய ரப்பரோ ஸ்பாஞ்சோ வைத்து அடைத்திருப்பார்கள். வெதர் சீல் என்பது அவ்வளவுதான். தண்ணீர் உள்ளே போவதை அது தாமதப்படுத்தும். எவ்வளவு நேரத்துக்கு என்று பெரும்பாலான கம்பெனிகள் எழுதித் தருவதில்லை. சில மாடல்களுக்குத்தான் ஐபி எண், அதாவது தூசியையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் எண் உண்டு: ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1க்கு ஐபி53, லைக்கா எஸ்எல்2க்கு ஐபி54. இதில் இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கானது. 3 என்றால் மேலிருந்தும் சரிவாகவும் விழும் தூறல், 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீர். பீய்ச்சி அடிக்கும் நீருக்கோ, முங்குவதற்கோ இரண்டுமே பொறுப்பில்லை. ஏற்காட்டுக் கிளியூர் அருவிக்கு அடியில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாடி சீல் ஆகியிருந்து லென்ஸ் ஆகவில்லையென்றால் பயனில்லை. லென்ஸைக் கழற்றி அதன் பின்புற உலோக வளையத்தைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய ரப்பர் தெரிய வேண்டும். பாடியோடு சேர்த்துக் கொடுக்கும் கிட் லென்ஸ் பலவற்றில் அது இருக்காது. விலை கூடிய லென்ஸிலும் நிபந்தனை உண்டு. கேனனின் ஈஎஃப் 17-40 எல் லென்ஸுக்கு முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் சீல் முழுமையாகும்.

வீடியோ எடுப்பவர்கள் மானிட்டருக்காக எச்டிஎம்ஐ வயரைச் செருகியதும் பக்கவாட்டு ரப்பர் மூடி திறந்தே கிடக்கும். அந்த நிமிஷத்திலிருந்து அது சீல் செய்த கேமரா கிடையாது.

நனைந்ததைப் பையில் வைத்து மூடுவது

இந்தத் தவறு ஒரு நல்ல அறிவுரையிலிருந்துதான் பிறக்கிறது. என் எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

குளிரிலிருந்து வெக்கைக்கு வரும்போது பையை உடனே திறக்காதே என்று எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். உண்மைதான். மார்கழி விடியலில் ஏற்காட்டு லேடிஸ் சீட்டில் இரண்டு மணி நேரம் நின்ற கேமரா, கைபட்டால் சில்லென்றிருக்கும். சேலத்துக்கு வந்து வீட்டில் அதை வெளியே எடுத்தால், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டிலில் வேர்க்குமே, அப்படி வேர்க்கும். வெளிப்பக்கம் மட்டுமில்லை, உள்ளே கண்ணாடியிலும் வேர்க்கும். ஏசி அறையிலிருந்து மழைக்காலக் காற்றுக்கு வந்தாலும் இதே கதை. அதனால் அரை மணி, ஒரு மணி நேரம் பையை மூடியே வைத்து, கேமராவின் சூடும் அறையின் சூடும் ஒன்றான பிறகு திறக்க வேண்டும்.

ஆனால் அது உலர்ந்த கேமராவுக்குச் சொன்னது. நனைந்த கேமராவுக்கும் அதையே செய்கிறார்கள்.

ஈரத்தோடு மூடிய பை அடிவாரம் நோக்கி இறங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் வெளியே எட்டுப் பத்து டிகிரி ஏறிவிடும். ரெயின்கோட்டிலும் பையின் ஸ்பாஞ்சிலும் இருக்கும் நீர் ஆவியாகும். ஜிப் மூடியிருப்பதால் அதற்குப் போக்கிடம் இல்லை. தண்ணீரைத் தடுக்கும் அளவுக்கு அந்த ரப்பர் ஆவியைத் தடுக்காது. ஜூமை ஒவ்வொரு முறை முன்னும் பின்னும் தள்ளும்போதும் லென்ஸ் காற்றை உறிஞ்சி வெளியே விடுகிறது. உள்ளே போன ஈரம் வெளியே வர, அதே ரப்பர் தடையாகிவிடும். இருட்டு, இதமான சூடு, ஈரம், அசையாத காற்று. பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்?

என் கதை இதுதான். தவணையில் வாங்கிய 70-200 ஜூம் லென்ஸ். சேர்வராயன் கோயில் பக்கம் மூடுபனியில் எடுத்துவிட்டு ராத்திரி இறங்கினேன். மறுநாள் முகூர்த்தத்துக்கு வேறு லென்ஸ் போதும் என்பதால், மலைக்குக் கொண்டுபோன பையை அப்படியே பீரோ மேல் வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது நனைந்த சாக்கு வாசனை. லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி இழை மாதிரி வெள்ளையாக நாலைந்து கிளைகள், வேர் விட்டதைப் போல.

பழுது பார்ப்பவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். லென்ஸ் விலையில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இழை போய்விட்டது, தடம் போகவில்லை. பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடி மேல் இருக்கும் கோட்டிங்கை அரித்துவிடும், அதைத் துடைத்து மீட்க முடியாது. இன்றைக்கும் அந்த லென்ஸில் மேடை விளக்கு எதிரே பட்டால் படம் வெளுத்துப் போகிறது. மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்க மனம் வராமல் தனியே வைத்திருக்கிறேன்.

இப்போது நான் செய்வது இது. காரில் இரண்டு பருத்தித் துண்டு எப்போதும் இருக்கும். மழை விட்டதும் முதலில் ஆஃப் செய்வேன். ஜூம் நீண்டிருந்தால் நீண்டபடியே குழலைத் துடைத்து, பிறகுதான் உள்ளே தள்ளுவேன். நீர்த்துளியோடு தள்ளினால் துளியும் சேர்ந்து உள்ளே போகும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் நீர் இடுக்குக்குள் ஏறும். துடைத்த கேமரா துண்டில் சுற்றிச் சீட்டில் வரும், ரெயின்கோட் டிக்கியில் போகும்.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸும் பாடியும் சேரும் மவுண்ட்டைச் சுற்றி இன்னொரு முறை துடைத்துவிட்டு லென்ஸைக் கழற்றுவேன். பேட்டரி, கார்டு எடுத்து, மூடிகளைத் திறந்து, ஃபேன் காற்றில் ராத்திரி முழுக்க. வெயிலும் வேண்டாம், தலை உலர்த்தும் மெஷினும் வேண்டாம். காலிப் பையையும் எல்லா ஜிப்பும் திறந்து காய வைப்பேன். கேமரா காய்ந்து பை காயாவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

அதன் பிறகு டிரை கேபினெட், அதாவது ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் பெட்டி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். 60ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழிவிடுகிறோம். கேபினெட் வாங்கக் காசில்லையா? நாலு பக்கமும் கிளிப் வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணி கால் கிலோ. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். லென்ஸ் வாங்கும்போது கூட வந்த அந்தக் குட்டிப் பொட்டலத்தை நம்பாதீர்கள், அது எப்போதோ நீர் குடித்து நிறைந்திருக்கும். நிறம் மாறும் ஜெல் வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையானால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் திரும்ப ஆரஞ்சாகும். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு பழைய வாணலி இருக்கிறது. சமையலுக்கு அதைத் தொடுவதில்லை.

வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்ப்பது

வேண்டாம். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு வேகமாக அரிக்கும். பேட்டரியைக் கழற்றுங்கள், இரண்டு நாள் பொறுங்கள்.

அரிசிக்குள் புதைப்பது

மாவுத்தூள் உள்ளே போகும். சிலிகா ஜெல் அளவுக்கு அரிசி ஈரத்தை உறிஞ்சாது.

வெள்ளைத் தூசியைத் துணியால் துடைப்பது

ஆடிக் காற்றில் சேலத்து மாக்னசைட் கல் சுரங்கங்களை ஒட்டிய மாக்னசைட் ஜங்ஷன், கருப்பூர்ப் பக்கம் எடுத்தவர்களுக்கு இந்தத் தூசி தெரியும். மாவு போல மெத்தென்று தோன்றும், ஆனால் கல் தூள். லென்ஸ் கண்ணாடி மேல் துணியை வைத்து இழுத்தால் கீறும். முதலில் கை புளோயரால் ஊதி, அடுத்து பிரஷ், கடைசியில்தான் துணி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அங்கே லென்ஸ் மாற்றியே ஆகவேண்டுமென்றால் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து, பாடியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். மழைத் தூறலிலும் இதே முறைதான்.

வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போவது

பல கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். சித்திரையில் சேலத்தின் நிழலே 40ஐத் தொடும். மூடிய கார் அதைவிடப் பல மடங்கு மோசம். சாப்பிடப் போனாலும் கையோடு எடுத்துப் போங்கள்.