‘ஹார்பர்’, ‘ஸ்பிரிங்’: தொடர்பற்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒப்பிட்டுக் கற்கும் முறை

திருகோணமலை மாணவர்கள் ‘ஹார்பர்’ என்றதும் துறைமுகத்தையும், ‘ஸ்பிரிங்’ என்றதும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் நினைத்துக்கொள்கிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் இரண்டையும் பெயர்ச்சொற்களாக மட்டுமே பழகியவர்கள், அவை வினைச்சொற்களாக வரும் வாக்கியங்களில் தடுமாறுகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் அந்தத் தடுமாற்றம் நீங்கும்.

படி 1: கொப்பியில் ஒரு பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரித்து, இடப்புறம் ‘ஹார்பர்’, வலப்புறம் ‘ஸ்பிரிங்’ என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயர், வினை என இரு பகுதிகள் இருக்கட்டும். ‘ஹார்பர்’ இறந்தகாலத்தில் ‘ஹார்பர்ட்’ என ஒழுங்காக மாறும். மற்றையது ‘ஸ்பிராங்’, ‘ஸ்பிரங்’ என உயிரொலி மாறி வருவதால் அவற்றை மனனம் செய்யவேண்டும்.

படி 2: அடிப்படைப் பொருளைத் தேடுங்கள். இந்தப் படிக்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய ஆங்கிலத்தில் ‘ஹார்பர்’ என்பதன் மூலச்சொல் தங்குமிடத்தை, புகலிடத்தைக் குறித்தது; கப்பல்கள் காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கும் இடத்துக்கு அப்பெயர் வந்ததும், குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பதை அதே சொல் வினையாகக் குறிப்பதும் அதனால்தான். ‘ஸ்பிரிங்’ என்பதன் மூலப்பொருள் துள்ளி எழுதல். நிலத்திலிருந்து பீறிடும் ஊற்று, தளிர்கள் வெளிப்படும் வசந்தகாலம், குமிழ்முனைப் பேனாவைக் கழற்றினால் கையிலிருந்து துள்ளி ஓடும் சுருள்கம்பி ஆகிய மூன்றுக்கும் ஒரே பெயர் அமைந்த காரணம் இப்போது விளங்கும். ஆக, ஒரு சொல் உள்ளே வைத்துக் காக்கிறது. மற்றது வெளியே பாய்கிறது.

படி 3: கூடவரும் சொற்களைக் குறியுங்கள். ‘ஹார்பர்’ வினையாகும்போது ‘டவுட்’, ‘கிரட்ஜ்’ போன்றவை பெரும்பாலும் அதன் செயப்படுபொருளாக வரும். அதாவது, சந்தேகத்தையோ வன்மத்தையோ வெளியே சொல்லாமல் மனத்துள் நெடுநாள் வைத்திருத்தல். ‘ஸ்பிரிங் டு மைன்ட்’ என்றால் சட்டென்று நினைவுக்கு வருதல். ‘ஸ்பிரிங் எ லீக்’ என்றால் படகிலோ குழாயிலோ திடீரெனக் கசிவு ஏற்படுதல். ‘ஹார்பர்’ என்பதில் நீடிப்பும் ‘ஸ்பிரிங்’ என்பதில் திடீர்த்தன்மையும் இருப்பதைக் கவனியுங்கள்.

படி 4: ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் ஊரை வைத்தே ஒரு வாக்கியம் எழுதி, பிறகு ஒன்றின் இடத்தில் மற்றதை இட்டு வாசியுங்கள். வாக்கியம் எந்த இடத்தில் உடைகிறதோ, அங்கே அந்தச் சொல்லின் எல்லை தெரியும்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு சொல்: இலங்கையில் நாம் பின்பற்றும் பிரித்தானிய முறையில் ‘ஹார்பர்’ என்பதன் இறுதியில் ‘ஓ, யு, ஆர்’ என்று எழுதுவோம், அமெரிக்க முறையில் ‘யு’ இல்லை. ‘பேர்ல் ஹார்பர்’ இடப்பெயராதலால் அதை மட்டும் அமெரிக்கர் எழுதுகிறபடியே எழுதுங்கள்.