அடுத்தவர் வரைந்த பேட்டர்னில் மரவேலை செய்து விற்கலாமா? அனுமதி வாங்கும் முறை, படிப்படியாக

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மார்த்தாண்டம், கருங்கல், திங்கள்சந்தை பக்கமெல்லாம் மரத்தில் அறுத்த குடில்களைத் தேடி ஆட்கள் வருவார்கள். அதே மாதங்களில்தான் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளை நிறைக்கும். வீட்டில் ஒரு ஸ்க்ரோல் சா (வளைவுகளை அறுக்கும் சிறு மெஷின்), கொஞ்சம் பிளைவுட் அல்லது ரப்பர் மரப் பலகை, இணையத்தில் வாங்கிய ஒரு பேட்டர்ன் (அறுக்க வேண்டிய வடிவத்தின் வரைபடம்) இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் செய்ததை விற்க, பேட்டர்னை வரைந்தவருடைய அனுமதியும் வேண்டும்.

"பேட்டர்னுக்குத்தான் காசு கொடுத்துவிட்டேனே?" என்று கேட்பீர்கள். அந்தக் காசு வரைபடத்தை வைத்து உங்களுக்காகச் செய்துகொள்வதற்கு. செய்ததை விற்பது வேறு உரிமை. பல டிசைனர்கள் அதைச் சும்மாவே கொடுக்கிறார்கள், சிலர் சிறு தொகை வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். கேட்பதற்கு ஒரு மின்னஞ்சல் போதும். சீசனுக்கு விற்க நினைப்பவர்கள் ஆவணி, புரட்டாசியிலேயே கேட்டுவிடுவது நல்லது. கார்த்திகையில் எழுதிவிட்டு மார்கழிக்குள் பதிலை எதிர்பார்த்தால் பலகை வாங்கிய காசு முடங்கும்.

முதல் படி: பேட்டர்ன் எங்கிருந்து வந்தது?

டிசைனரின் சொந்தத் தளத்திலோ எட்ஸி போன்ற இணையச் சந்தையிலோ பில்லோடு வாங்கிய பிடிஎஃப் என்றால் வேலை எளிது. யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியும். மரவேலை இதழிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ எடுத்தது என்றால் உரிமை வரைந்தவரிடமும் இருக்கலாம், பதிப்பகத்திடமும் இருக்கலாம். தொடக்கப் பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் பதிப்புரிமைக் குறிப்பைப் பாருங்கள். இலவசமாக இறக்கியதாக இருந்தால், இலவசம் என்பது விலையைப் பற்றியது மட்டும்தான். விற்கும் அனுமதி அதில் தானாக வந்துவிடாது.

வாட்ஸ்அப் குழுவில் வந்தது, பின்ட்ரெஸ்டில் எடுத்தது, 'ஆயிரம் டிசைன் நூறு ரூபாய்' என்று பென் டிரைவில் கொடுப்பது, இவற்றில்தான் சிக்கல். யார் வரைந்தது என்றே தெரியாது. கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டுத் தேடினால் சில சமயம் மூலம் அகப்படும். அகப்படவில்லையா, அந்தப் பேட்டர்னை வீட்டுச் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொகுப்பாக விற்கிறவரிடம் அனுமதி கேட்டும் பயனில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை அவர் உங்களுக்குக் கொடுக்க முடியாது.

சோட்டா பீம், டோரேமான், கிரிக்கெட் அணிகளின் சின்னம் போன்றவற்றுக்கும் இதே கதைதான். பேட்டர்னை வரைந்தவர் தாராளமாக "விற்றுக்கொள்ளுங்கள்" என்று சொன்னாலும், அந்தப் பாத்திரமும் சின்னமும் வேறு நிறுவனத்தின் சொத்து. நடிகர் முகங்களிலும் கவனம் வேண்டும். ரஜினிகாந்த் தன் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியில்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்துவதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ரசிகராக ஒன்று அறுத்து வீட்டில் மாட்டுங்கள். கடையில் தொங்கவிடும் முன் யோசியுங்கள்.

இரண்டாம் படி: நிபந்தனைகளைப் படியுங்கள்

பலரும் தாண்டிப் போகிற இடம் இது. பாதிப் பேருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும், கடிதமே எழுத வேண்டாம். பிடிஎஃபின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், பேட்டர்ன் விற்ற பக்கத்தின் அடிப்பகுதி, அந்தக் கடையின் பொது விதிகள், இவை நான்கையும் பாருங்கள். 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருந்தால் விற்கக் கூடாது. 'சிறு வணிகத்துக்கு அனுமதி' என்று இருந்தால் எத்தனை பொருள் வரை என்று கூடவே எழுதியிருப்பார்கள், அந்த எண்ணிக்கை ஆண்டுக்கா மொத்தத்துக்கா என்று பாருங்கள். 'கையால் செய்தால் மட்டும்' என்று இருந்தால் லேசர் மெஷினும் சிஎன்சியும் (கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மெஷின்) கைவேலையில் சேருமா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செய்த பொருளை விற்க விடுகிற டிசைனர்கூட, பேட்டர்ன் கோப்பை மறுபடி விற்க அநேகமாக விடமாட்டார்.

சில பேட்டர்ன்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (வரைந்தவர் எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடும் பொது அனுமதி) போட்டிருக்கும். 'பிஒய்' என்றால் வரைந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். 'என்சி' சேர்ந்திருந்தால் வணிகத்துக்கு ஆகாது. 'என்டி' என்றால் மாற்றி அமைத்ததை வெளியிடக் கூடாது. 'எஸ்ஏ' என்றால் நீங்கள் மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். 'சிசி ஜீரோ' என்றால் வரைந்தவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார், தாராளமாக விற்கலாம்.

படித்த பக்கத்தை அன்றைய தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விதிகளை டிசைனர்கள் அவ்வப்போது மாற்றுவார்கள். வாங்கிய நாளில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு அதுதான் உங்கள் சாட்சி.

மூன்றாம் படி: சட்டத்தில் இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஐச் சேர்ந்தது. அதன் 14-ஆம் பிரிவு, ஓவியம், வரைபடம் போன்ற கலைப்படைப்பை எந்தப் பொருளிலும் மறுபடி ஆக்கும் உரிமையை உரிமையாளருக்கே கொடுக்கிறது. தட்டையான படத்தை முப்பரிமாணத்தில் ஆக்குவதும் அதில் அடங்கும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தாளில் இருந்ததை அயனிப் பலகைக்குக் கொண்டுவருவது இதற்குள் வந்துவிடும். படைப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வரைந்தவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருக்கிறவர் நாகர்கோவிலுக்கு வந்து என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைக்க வேண்டாம். பதிப்புரிமையை ஒன்றுக்கொன்று மதிப்பதாக ஒப்புக்கொண்ட பெர்ன் உடன்படிக்கை நாடுகளின் படைப்புகளுக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு. தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வரலாம். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஒரு புகாரில் உங்கள் இணையக் கடைப் பக்கம் மூடப்படலாம்.

குடிலை எடுத்துக்கொள்வோம். குழந்தை இயேசு, மரியாள், சூசை, மாட்டுத் தொழுவம், மேலே நட்சத்திரம்: இந்தக் கருவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஒருவர் அந்த உருவங்களை எந்த வளைவில் வரைந்தார், எந்த இடைவெளியில் வைத்தார் என்பது அவருடையது. அதே கருவை நீங்களாக உட்கார்ந்து வரைந்தால் அது உங்களுடையது. அவர் வரைந்ததன் மேல் டிரேசிங் தாள் வைத்து எடுத்தால் அது இன்னும் அவருடையதுதான். 'முப்பது சதவீதம் மாற்றினால் போதும்' என்று ஊரில் ஒரு கணக்கு உலவுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. வரைந்தவர் பெயரைப் போட்டுவிட்டால் அனுமதி வேண்டாம் என்பதும் அதே மாதிரிதான்.

அனுமதியே வேண்டாம் என்பதற்கு இன்னொரு வாதமும் காதில் விழும். 15-ஆம் பிரிவின்படி, பொருள்களின் தோற்றத்தைக் காக்கும் டிசைன் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய ஒரு டிசைனைப் பதிவு செய்யாமலே உரிமையாளரோ அவரிடம் உரிமம் பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக ஆக்கிவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை போய்விடும். இது உண்மைதான். ஆனால் ஒரு வரைபடம் கலைப்படைப்பா டிசைனா என்பதைப் பிரித்துப் பார்ப்பதே பெரிய வழக்கு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதற்காகவே இரண்டு கட்டச் சோதனை ஒன்றை வகுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இருநூறு ரூபாய்க் குடிலுக்காக அந்த வாதத்தில் சாய்ந்து நிற்பது என் பார்வையில் வீண் வேலை. மின்னஞ்சல் போடுவது எளிது.

நான்காம் படி: கேட்டு எழுதுங்கள்

சுருக்கமாக, விவரமாக எழுதுங்கள். 'உங்கள் டிசைன்களை விற்கலாமா?' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது, வந்தாலும் மொட்டையாகத்தான் வரும். வெளிநாட்டவருக்கு என்றால் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மாதிரி இதோ:

"வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டில் சிறிய மரவேலைக் கூடம் வைத்திருக்கிறேன். உங்களுடைய (பேட்டர்ன் பெயர்) பேட்டர்னை (தேதி) அன்று (தளம்) வழியாக வாங்கினேன், பில் இணைத்துள்ளேன். அதை வைத்து ரப்பர் மரத்தில், (அளவு) உயரத்தில், ஆண்டுக்கு (எண்ணிக்கை) வரை செய்து விற்க விரும்புகிறேன். உள்ளூர்க் கடைகளிலும் என் இணையப் பக்கத்திலும் விற்பேன். வெட்டும் வேலையைப் பக்கத்திலுள்ள சிஎன்சி கூடத்தில் கொடுக்கக்கூடும். ஒவ்வொரு பொருளிலும் உங்கள் பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும்? இதற்குக் கட்டணம் உண்டா? எவ்வளவு காலத்துக்கு, எந்தெந்த நாடுகளில் விற்க அனுமதிப்பீர்கள்? உங்கள் பதில் வந்த பிறகே விற்பனையைத் தொடங்குவேன்."

நீங்கள் முன்பு செய்த ஒரு பொருளின் படத்தை இணைத்தால் நம்பிக்கை கூடும். இரண்டு வாரம் பார்த்து ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் 'வேண்டாம்' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் செல்லுபடியாகலாம், இங்கே ஆகாது.

ஐந்தாம் படி: பதிலை வரி வரியாகப் படியுங்கள்

உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 30-ஆம் பிரிவு. போனில் "சரி, செய்யுங்க" என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அதையே மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள். பேசிய பேச்சு இரண்டு வருடம் கழித்து இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக நினைவிருக்கும்.

காலமும் இடமும் பதிலில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் சட்டத்தின்படி, காலம் குறிப்பிடாத உரிமத்தை 5 ஆண்டுக்கு என்றும், இடம் குறிப்பிடாததை இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்வார்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டாவது ரொம்ப முக்கியம். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். மச்சான் துபாயில் கடை வைத்திருக்கிறார் என்று அவருக்கு நாற்பது குடில் அனுப்பினால், உங்கள் உரிமம் அங்கே எட்டாமல் போகலாம். வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் துளி இருந்தாலும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: சிஎன்சி கடைக்குக் கோப்பைக் கொடுக்கும்போது

பேட்டர்ன் கோப்பை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பினால் அங்கே ஒரு நகல் உருவாகிவிடும். கடைக்கார அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். அவர் கம்ப்யூட்டரில் கிடக்கும் கோப்பை அடுத்த வாடிக்கையாளர் பார்த்து "எனக்கும் இதே மாதிரி" என்று கேட்டால், பில் உங்கள் பெயரில் இருப்பதால் டிசைனரின் கேள்வி உங்களிடம்தான் வரும். பென் டிரைவில் நேரில் கொண்டுபோய், வெட்டி முடித்ததும் அழிக்கச் சொல்லிக் கூடவே நில்லுங்கள். வேலைச் சீட்டில் 'இந்தக் கோப்பை வேறு யாருக்கும் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

ஏழாம் படி: பெயர்ச் சீட்டும் கோப்பும்

டிசைனர் கேட்ட விதத்திலேயே பெயரைப் போடுங்கள். 'வடிவமைப்பு: இன்னார், அனுமதியுடன்' என்று பின்புறம் சிறு சீட்டு ஒட்டினால் போதும். ஒவ்வொரு பேட்டர்னுக்கும் ஒரு உறையில் பில், விதிகளின் ஸ்கிரீன்ஷாட், அனுமதி மின்னஞ்சலின் அச்சு, எத்தனை விற்றது என்ற கணக்கு, இவ்வளவும் இருக்கட்டும். எண்ணிக்கை வரம்பு உள்ளவர்களுக்குக் கடைசிக் கணக்கு கட்டாயம் தேவை.

அனுமதி கிடைக்கவில்லை என்றால்

சொந்தமாக வரையுங்கள். அதற்கு நம் மாவட்டத்தைப் போல் வசதியான இடம் குறைவு. தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள் (திங்கட்கிழமை திறக்க மாட்டார்கள்). பூமுகத்தின் (அரண்மனையின் முகப்பு மண்டபம்) மரக்கூரையில் செதுக்கிய பூக்களையும், தூண்களின் வேலைப்பாட்டையும் பார்த்து வரையலாம். நூற்றாண்டுகள் தாண்டிய வேலை, பதிப்புரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. சுசீந்திரம் கோயிலின் தூண் வேலைப்பாடுகளும் அப்படித்தான். நேரில் பார்த்து நீங்கள் வரைய வேண்டும். யாரோ எடுத்த புகைப்படத்தையோ, யாரோ வரைந்து விற்கும் 'பத்மநாபபுரம் பேட்டர்ன்' கோப்பையோ எடுத்தால் மறுபடி முதல் படிக்கே வந்துவிடுவீர்கள்.

திருவள்ளுவர் சிலை விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். கணபதி ஸ்தபதி வடித்த அந்த 133 அடிச் சிலை திறந்தது 2000 ஜனவரி 1-இல். பழங்காலச் சிற்பமாக அதைக் கணக்கில் எடுக்க முடியாது. பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தைப் படம் வரையலாம், புகைப்படம் எடுக்கலாம், அவற்றை வெளியிடலாம் என்று 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. மரத்தில் சின்னச் சிலையாகச் செதுக்குவது அந்தப் பட்டியலில் இல்லை. கடற்கரையில் பத்துக் கடையில் தொங்குகிறது என்பது உங்களுக்குக் கிடைத்த அனுமதி ஆகாது. வள்ளுவரை வேறு தோற்றத்தில் நீங்களே வரைந்து செதுக்க யாரும் தடை சொல்ல முடியாது.

பெயரிலும் ஒரு எச்சரிக்கை. கடைசல் பொம்மை செய்து சாயம் ஏற்றி 'சென்னபட்டணா பொம்மை' என்று சீட்டு ஒட்டாதீர்கள். அது புவிசார் குறியீடு பெற்ற பெயர், அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டுமே உரியது. குலசேகரத்தில் கடைந்த பொம்மைக்குக் குலசேகரம் என்றே போட்டு விற்கலாம்.