பழைய பிரேக் பேடை உடனே தூக்கிப் போடாதீர்கள்
பிக்கப் வண்டிக்குப் புது பேட் மாட்டும்போது பிஸ்டனை (பேடை அழுத்தும் உருளை) உள்ளே தள்ள வேண்டும்; அதற்கு, கழற்றிய பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து, அதன்மேல் சி-கிளாம்பை (C வடிவ இறுக்கி) போட்டு மெதுவாக இறுக்குங்கள், தனிக் கருவி வாங்க வேண்டாம். பேடின் இரும்புத் தகடு அழுத்தத்தைப் பரப்பிவிடுவதால் பிஸ்டன் கோணாமல் நேராக உள்ளே போகும். இரட்டை பிஸ்டன் காலிபர் (பிஸ்டன் உட்கார்ந்திருக்கும் பிரேக் பாகம்) என்றால் இரண்டும் சேர்ந்தே இறங்கும் (இல்லாவிட்டால் ஒன்றை அமுக்க மற்றது வெளியே வந்து நிற்கும், எரிச்சல்தான்). பிரேக் ஆயில் டப்பா மூடியைத் தளர்த்தி, மட்டம் ஏறுவதில் ஒரு கண் வையுங்கள், வழிந்தால் பெயின்ட் போய்விடும். பின்சக்கரத்தில் சுழற்றி உள்ளே தள்ளும் பிஸ்டனோ எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கோ இருந்தால் இது சரிவராது, உள்ளே இருக்கும் மரை கெட்டுவிடும். அப்புறம், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள்.