600 கோடி டாலர் நிறுவனமும் 9 டாலர் பங்கும்

2014 அக்டோபரில் கடைகளுக்குக் கட்டணம் பெறும் சேவை தரும் அமெரிக்காவின் ஸ்கொயர் நிறுவனம் புதிதாக முதலீடு திரட்டியது; அதற்கு 600 கோடி டாலர் மதிப்பு என்று செய்தி வந்தது. அந்த முதலீட்டுச் சுற்றில் நுழைந்தவர்கள் ஒரு பங்குக்குக் கொடுத்த விலை 15.46 டாலர். அதை மொத்தப் பங்குகளால் பெருக்கிக் கிடைத்த தொகைதான் இது. பெருக்கலில் பிழையில்லை. எல்லாப் பங்குகளும் ஒரே தரம் என்று எண்ணியதில்தான் பிழை.

புதிய முதலீட்டாளர்களின் ஒப்பந்தத்தில் ஒரு காப்பு இருந்தது. ஐபிஓ விலை, அதாவது நிறுவனம் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் விலை, எவ்வளவு இறங்கினாலும், பங்கு ஒன்றுக்கு 18.56 டாலர் மதிப்பு அவர்கள் கைக்கு வந்தாக வேண்டும். குறையை நிறுவனம் கூடுதல் பங்குகளால் ஈடுகட்டும். 2015 நவம்பரில் ஐபிஓ விலை 9 டாலர். அவர்களின் ஒவ்வொரு பங்கும் இரண்டுக்குச் சற்று அதிகமான பங்குகளாக மாறியது. சாதாரணப் பங்கு வைத்திருந்த ஊழியருக்கு அந்தக் காப்பு கிடையாது. அவருடைய பங்கு வீதம்தான் குறைந்தது.

ஆகவே மதிப்பைக் கேட்கும்முன் நிபந்தனைகளைப் படியுங்கள். 100 கோடி ரூபாய் மதிப்பில் 25 கோடி போட்டு 25 சதவீதம் வாங்கியவருக்கு, போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 30 கோடிக்கு விலைபோனால் அவருக்கு 25 கோடி; மற்ற அனைவருக்கும் சேர்த்து 5 கோடி.

அடுத்த தவறு, வரப்போகும் முதலீட்டுச் சுற்றுகளை மறப்பது. ஏழு ஆண்டுகளில் நிறுவனம் 1,000 கோடிக்கு விற்கும், எனக்கு 20 மடங்கு வேண்டும், எனவே இன்று முதலீட்டுக்குப் பிந்தைய மதிப்பு (போடும் பணத்தையும் சேர்த்த மதிப்பு) 50 கோடி என்று கணக்குப் போடுகிறார்கள். இடையில் வரும் முதலீடுகளால் உங்கள் பங்கு பாதியாகுமென்றால், இன்று நீங்கள் ஏற்கக்கூடிய மதிப்பு 25 கோடிதான். பேச்சில் அடிபடும் மதிப்பு முதலீட்டுக்கு முந்தையதா, பிந்தையதா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். 20 கோடி முந்தையது என்றால் 5 கோடிக்கு 20 சதவீதம். பிந்தையது என்றால் 25 சதவீதம்.

வருங்காலப் பணவரவைத் தள்ளுபடி செய்து மதிப்பிடும் டிசிஎஃப் முறை, இரண்டு ஆண்டு வரலாறுகூட இல்லாத நிறுவனத்தில் பெரும்பாலும் அலங்காரம்தான். நியாயமான மதிப்பைவிட அதிக விலைக்குப் பங்கு விற்றால் அந்தக் கூடுதல் தொகைக்கு விதிக்கப்பட்டது ஏஞ்சல் வரி; இந்தியாவில் 2012-இல் வந்து 2024 பட்ஜெட்டில் கைவிடப்பட்ட அது இந்தப் பழக்கத்தை வளர்த்தது: பேரம் பேசி முடித்த விலைக்கு ஏற்ப மதிப்பீட்டு அறிக்கை தயாரித்தார்கள். பிறகு வருமான வரி அதிகாரி அதை உண்மை விற்பனையோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்டார். இத்தகைய அறிக்கை கைக்கு வந்தால், கடைசிப் பக்கத் தொகையை விட்டுவிட்டு, எந்த ஒரு அனுமானத்தை மாற்றினால் அது பாதியாகிறது என்று தேடுங்கள்.

மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதிலும் கவனம் வேண்டும். தளத்தின் வழியாக 100 கோடிக்குப் பொருள் விற்று 10 சதவீதக் கமிஷன் பெறும் நிறுவனத்தின் வருவாய் 10 கோடிதான். அதை மென்பொருள் நிறுவனத்தின் மடங்கால் (அதன் மதிப்பு வருவாயைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்ணால்) பெருக்குவதற்கு முன், மொத்த லாப விகிதம் (வருவாயில் நேரடிச் செலவு போக மிஞ்சும் பங்கு) இரண்டுக்கும் ஒன்றுதானா என்று பாருங்கள்.